அம்மா கையில் ஆறாத புண்

மார்ச் 4, 2025, செவ்வாய்

அம்மாவின் இடது முன்னங்கைப் புண்ணுக்கு இன்றோடு ஆறு வாரம். ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான், ஆனால் ஓரம் வெட்டி எடுத்தது போல இருக்கிறது. சுகர் இல்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. களிம்பு, ஆன்டிபயாட்டிக் எதுவும் கேட்கவில்லை. இன்று ஓரத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள்.

மார்ச் 13, வியாழன்

ஹாட்ஜ்கின் லிம்போமாவாக, அதாவது நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம் என்று ரிப்போர்ட். "என்னடி போட்டிருக்கு?" என்று அம்மா கேட்டாள், வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். கீமோ பற்றிப் பேச தேதியும் கொடுத்துவிட்டார்கள். இரவு தம்பி போனில் கேட்டான், "பயாப்சி சீட்டில் அம்மாவோட மூட்டு மாத்திரையை எழுதினாங்களாக்கா?" எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

மூட்டு டாக்டர் பயாப்சி பிளாக்கை (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்தது) வேறு லேபுக்கு அனுப்பச் சொன்னார், இன்று முடிவு வந்தது. ஈபிவி மியூக்கோக்யூட்டேனியஸ் அல்சர், அதாவது ஈபிவி என்ற வைரஸால் தோலிலோ வாய் போன்ற இடங்களின் உள்சவ்விலோ வரும் புண். 2010-இல்தான் இதைத் தனி நோயாக விவரித்திருக்கிறார்கள், அதுவும் 26 பேரை வைத்து. ஈபிவி என்கிற இந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறதாம், பி அணுக்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்களுக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கிக் கிடக்கும், டி அணுக்கள் என்ற இன்னொரு வகை அதைத் தலைதூக்க விடாது. அம்மாவுக்கு வயது 74, முடக்குவாதத்துக்காக 11 வருடமாக ஞாயிறுதோறும் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்து அந்தக் காவல் தளர்ந்துவிட்டது, வைரஸ் உள்ள அணுக்கள் ஒரே இடத்தில் பெருகிப் புண்ணாகிவிட்டன. மைக்ரோஸ்கோப்பில் ஹாட்ஜ்கின் போலவே தெரியுமாம், ஹாட்ஜ்கின் அணுக்களில் தெரியும் சிடி30 என்ற அடையாளப் புரதம் கூட பாசிட்டிவ். ஆனால் ஹாட்ஜ்கின் தோலில் மட்டும் தொடங்குவது மிக அபூர்வம், இங்கே ஒரே ஒரு புண், ஸ்கேனில் வேறெங்கும் எதுவுமில்லை, வைரஸைத் தேடும் ஈபர் சோதனையும் பாசிட்டிவ்.

சரி, சிகிச்சை? மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது, அவ்வளவுதான். கீமோ இப்போதைக்கு வேண்டாம். கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன். கிட்னி மாற்றியவர்களுக்கு இதே புண் வந்தால் மருந்தை இப்படி நிறுத்திவிட முடியாது, உடம்பு கிட்னியை நிராகரித்துவிடும், பார்த்துப் பார்த்துத்தான் குறைப்பார்களாம். அவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. புண்ணின் ஓரம் சுருங்கியிருக்கிறது, நடுவில் சிவப்பாகப் புதுச் சதை. அப்புறம், பயந்தது போலவே மூட்டுவலி திரும்பிவிட்டது, விரல் கணுவெல்லாம் வீக்கம். மாங்காயை நான் நறுக்கினேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெல்லம் எவ்வளவு என்று சொன்னாள்.

மே 9, வெள்ளி

புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்புத் தழும்பு மட்டும். மூட்டுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடங்கியிருக்கிறார்கள், மாதாமாதம் தோலையும் நெறிக்கட்டையும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் அம்மா பேனா கேட்டு வாங்கி, வீங்கிய விரலோடு ஃபைலின் முதல் பக்கத்தில் தானே எழுதினாள்: 'மெத்தோட்ரெக்ஸேட் 11 வருஷம். நிறுத்தினது மார்ச் 25.'