மனசு மாறுதா இல்லையா: மஸ்கெலியா நாட்குறிப்பு

2024 மே 19, ஞாயிறு

இன்னைக்கு பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஆராதனை முடிஞ்சி நிறைய பேர் சாட்சி சொன்னாங்க. எல்லாருக்கும் ஒரு தேதி இருக்கு, இந்த நாள்ல இந்த கூட்டத்துல ஆண்டவர் என்னைய தொட்டாருன்னு. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. இலங்கை மலையகத்துல கோப்பி தோட்டம் இருந்த காலத்துலயே ஞானஸ்நானம் எடுத்த குடும்பம் எங்களோடது, 1854ல சி.எம்.எஸ்.ங்குற இங்கிலாந்து மிஷன்காரங்க தோட்டத்து ஆளுகளுக்குன்னே தமிழ் கூலி மிஷன ஆரம்பிச்சி உபதேசியார்கள அனுப்பினாங்களே, அப்படி லயத்துக்கு லயம், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நடந்து வந்த ஒருத்தர்கிட்ட கேட்டுத்தான் எங்க அப்பாயியோட தாத்தா விசுவாசத்துக்கு வந்தாருன்னு வீட்டுல சொல்லுவாங்க. ஆக நான் பொறந்ததுல இருந்தே பைபிளுக்குள்ளதான் இருக்கேன். ஆனா நான் தேவனோட பிள்ளைன்னு எனக்கு நிச்சயமா தெரியுமா?

அது தெரியாமத்தான் ராத்திரியில தூக்கம் வராம கெடக்குறேன். அதோட சித்தப்பா விஷயம் வேற. அப்பாயி செத்ததுக்கு அப்புறம் வந்த ஈ.பி.எப். காசு, அவங்களோட சேமலாப நிதி, மொத்தத்தையும் அவரே வச்சிக்கிட்டாரு, அப்பாயிய கடைசி வரைக்கும் தூக்கி எடுத்து பாத்தது அம்மா. பக்கத்து லயத்துலதான் இருக்காரு. அவரு இருமுற சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இப்படி ஒரு மனசை வச்சிக்கிட்டு நான் எப்படி இரட்சிக்கப்பட்டவள்னு சொல்ல முடியும்.

மே 21, செவ்வாய்

அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். மழையில கொழுந்து கொறவு, அதுலயும் ஈரத்துக்குன்னு வேற கிலோ கழிச்சிட்டாங்க. தராசு முள்ளையே பாத்துக்கிட்டு நின்னாங்களாம், கை விரல் எல்லாம் கறை புடிச்சி கறுத்து வெடிச்சிருக்கு, வந்து ஒண்ணும் பேசாம அடுப்படியில உக்காந்துட்டாங்க.

அத பாத்துக்கிட்டு இருந்தப்பதான் எனக்கு வெளங்குச்சி, நான் ஆண்டவர்கிட்டயும் இப்படித்தான் நிக்கிறேன். காலையில ஜெபம் பண்ணினேனா, இத்தனை கிலோ. ஸ்கூல்ல புள்ளைகள திட்டினேனா, கழி. சித்தப்பாவ நெனச்சி பொருமினேனா, இன்னும் கழி. பொழுது சாஞ்சா முழுப்பேரா அரைப்பேரான்னு நானே கணக்கு போட்டுட்டு படுக்கிறேன், எனக்கு தெரிஞ்சி ஒரு நாள் கூட முழுப்பேர் விழுந்தது இல்ல. எபேசியர் 2:8 சண்டே ஸ்கூல்லயே மனப்பாடம், "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்". வாய் அத சொல்லுது, நெஞ்சு இன்னும் தராசுகிட்டதான் நிக்குது.

மே 23, வியாழன், வெசாக் போயா (பௌத்தர்களோட பௌர்ணமி பண்டிகை)

சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் இன்னைக்கோட முடியுது, நல்லதண்ணி ரோட்டுல வேனும் பஸ்ஸுமா விடிய விடிய போச்சி. டவுன்ல வெசாக் கூடுன்னு காகித வெளக்கு கட்டி, தன்சல்னு இலவசமா சாப்பாடு குடுக்குறாங்க. ஹட்டன்ல இருந்து பெரியம்மா வந்திருந்தாங்க, அவங்க கல்யாணம் கட்டினது கத்தோலிக்க குடும்பத்துல, ஒரு நாள் கூட ஜெபமாலை சொல்லாம படுக்க மாட்டாங்க. அவங்ககிட்ட கேட்டேன், நீங்க கண்டிப்பா மோட்சத்துக்கு போவீங்கன்னு உங்களுக்கு தெரியுமா பெரியம்மான்னு.

"அப்படி அடிச்சி சொல்லலாமா புள்ள? நம்பிக்கை இருக்கு, அவரு இரக்கமுள்ளவரு. ஆனா போயிருவேன்னு சொல்றது ஆணவம் இல்லையா?"

சாயந்தரம் பாஸ்டர் ஐயாவுக்கு போன் பண்ணி இத கேட்டேன். ஐயா பெரியம்மாவ கொறை சொல்லல. 1547ல கத்தோலிக்க சபையோட திரெந்து பொதுச்சங்கம் கிட்டத்தட்ட இதைத்தான் தீர்மானமா சொல்லிச்சின்னாரு, தவறவே முடியாத நிச்சயத்தோட எனக்கு கிருபை கெடச்சிருச்சின்னு யாரும் சொல்லிக்க முடியாதுன்னு. அதுக்கு ஒரு நூறு வருஷம் கழிச்சி, 1646ல முடிச்ச, புராட்டஸ்டன்ட்காரங்களோட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நிச்சயம் கெடைக்கும், விசுவாசி அத தேடவும் வேணும், ஆனா உண்மையான விசுவாசியே அதுக்காக ரொம்ப காலம் காத்திருக்கவும் வேண்டி வரலாம்னு சொல்லுதாம்.

அந்த கடைசி வார்த்தைய கேட்டதும் போன கையில வச்சிக்கிட்டே அழுதுட்டேன். நிச்சயம் இல்லாட்டி விசுவாசமே இல்லன்னுதான் இத்தனை காலமும் நெனச்சிருந்தேன். பெரியம்மா சொன்னதுல ஒண்ணு சரி, என்னைய பாத்து நான் நிச்சயமா இருந்தா அது ஆணவம்தான். ஆனா அவரு சொன்னத நம்புறது எப்படி ஆணவமாகும்? "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கு" எழுதுறேன்னுதானே யோவான் சொல்றாரு, 1 யோவான் 5:13. தெரியக்கூடாதுன்னா எதுக்கு எழுதணும்.

மே 24, வெள்ளி

இன்னைக்கும் லீவு. இந்த தேதி மெதடிஸ்ட்காரங்களுக்கு பெரிய தேதி, 1738 மே 24. சாயந்தரம் ஜெபக்கூட்டத்துல ஐயா, மெதடிஸ்ட் சபை உருவாகக் காரணமான ஜோன் வெஸ்லிய பத்தி பேசினாரு. பேர் தெரியும், கதை முழுசா தெரியாது எனக்கு.

அந்த மனுஷன் அப்பவே குருவானவர். ஒக்ஸ்போர்டுல இருக்கும்போது ஜெயிலுக்கு போயி கைதிகள பாப்பாரு, புதன் வெள்ளி உபவாசம். அமெரிக்காவுக்கு மிஷனரியா கப்பல் ஏறி போறப்ப, 1736 ஜனவரியில, பெரிய புயல், பாய் கிழிஞ்சி தண்ணி உள்ள வருது, இங்கிலாந்து ஆளுக எல்லாம் அலறுறாங்க, ஜெர்மன்காரங்க கொஞ்ச பேர், மொரேவியர்கள்னு ஒரு கிறிஸ்தவ சபையார், பாடிக்கிட்டு இருந்த சங்கீதத்த நிறுத்தவே இல்ல. பயமா இல்லையான்னு பிறகு கேக்குறாரு. இல்ல. பொம்பளைங்க, புள்ளைங்க? அவங்களுக்கும் சாகப் பயமில்ல. ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணப் போனவருக்கு தன்கிட்ட அது இல்லன்னு அங்க தெரிஞ்சி போச்சி.

ரெண்டு வருஷம் கழிச்சி லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு கூட்டத்துக்கு மனசே இல்லாம போறாரு. ஒருத்தர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரைய வாசிச்சிக்கிட்டு இருக்காரு, ராத்திரி எட்டே முக்கால் மணி இருக்கும், வெஸ்லியோட நெஞ்சு அதிசயமா அனலாச்சி. கிறிஸ்துவை மட்டும் நம்புறேன், என் பாவத்தையும், ஆமா என்னோடதையும், எடுத்துட்டாருங்குற நிச்சயம் வந்துச்சின்னு எழுதி வச்சிருக்காரு.

எல்லாரும் இதோட நிறுத்திருவாங்களாம், ஐயா நிறுத்தல. அனலான உடனே அவரு செஞ்ச முதல் காரியம், தனக்கு கெடுதல் செஞ்சவங்களுக்காக முழு பலத்தோட ஜெபம் பண்ணினது. அப்புறம் அதே ராத்திரியில சந்தேகமும் வந்திருக்கு, இது விசுவாசம்னா சந்தோஷம் எங்கன்னு. 1739 ஜனவரியில அதே மனுஷன் நான் இப்பவும் கிறிஸ்தவன் இல்லன்னு எழுதுறாரு!

இத கேட்டதும் எனக்கு உக்காந்திருக்க முடியல. அந்த அனல் எனக்கும் வரணும்னுதானே நான் காத்துக்கெடக்குறேன், அது வந்த ஆளுக்கே அது ஏறி எறங்கியிருக்கு. அப்ப நிச்சயம் அந்த அனல்ல இல்ல, அனல குடுத்தவர்கிட்ட இருக்கு. என் நெஞ்சு இன்னைக்கு சூடா நாளைக்கு பச்சத்தண்ணியான்னு தொட்டு தொட்டு பாக்குறதுல என்னா பிரயோசனம், அவரு சிலுவையில முடிச்சது முடிச்சதுதானே.

வீட்டுக்கு வந்து ரோமர் 4:5ஐ அம்மாவுக்கு வாசிச்சேன். "ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்"னு வர்ற வசனம். அம்மா ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னாங்க. பிறகு, "அப்ப அவரு நிறுக்கவே மாட்டாரா?"ன்னு கேட்டாங்க.

எடை போட்டாச்சும்மா, நம்மள இல்ல, இயேசுவ நிறுத்து நம்ம பேர்ல முழுசா போட்டாச்சின்னேன். ரொம்ப நேரம் என் கைய புடிச்சிக்கிட்டே இருந்தாங்க.

மே 29, புதன்

மழை, ஸ்கூல், பேப்பர் திருத்தம். வெஸ்லி மாதிரி சித்தப்பாவுக்காக ஜெபம் பண்ண பாத்தேன். பேர சொன்னதும் தொண்டை அடைக்குது. "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு மட்டும் சொல்லிட்டு எழும்பிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

நேத்து ராத்திரி காத்துல சித்தப்பா வீட்டு கூரைத்தகரம் ரெண்டு பிரிஞ்சி போச்சி. நாடு முழுக்க வெள்ளம், மண்சரிவுன்னு நியூஸ்ல சொல்றாங்க, நாளைக்கு ஸ்கூல் எல்லாம் மூடுறாங்களாம்.

காலையில அவரு வாசல்ல நின்னாரு, தலையில உரச்சாக்கு, கையில ஒரு பிளாஸ்டிக் வாளி. எங்க முகத்த பாக்காம "அண்ணி, தகரத்து ஆணி இருக்கா"ன்னு அம்மாகிட்ட கேட்டாரு. நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன், இப்ப வயிறு எரியும்னு காத்துக்கிட்டே இருந்தேன். எரியல. எழும்பிப்போயி அப்பாவோட சுத்தியலையும் ஆணி டப்பாவையும் எடுத்தேன், ஏணியையும் தூக்கிக்கிட்டு அவரு பின்னாலயே போனேன். அவரு மேல ஏறி அடிக்கிறாரு, நான் கீழ ஏணிய புடிச்சிக்கிட்டு இருக்கேன், அவரு கணுக்கால் என் கண்ணுக்கு நேரா, அட்டை கடிச்ச தழும்பும் நீர் புடிச்ச வீக்கமுமா. டொக்டர்கிட்ட காட்டினீங்களா சித்தப்பான்னு கேட்டுட்டேன். எத்தனை நாளைக்கு பிறகு அவர சித்தப்பான்னு கூப்புட்டேன்னு எனக்கே தெரியாது.

இது நான் செஞ்சது இல்ல. புதன்கிழமை அவரு பேர கூட என்னால சொல்ல முடியலயே. எசேக்கியேல் 36:26ல, "கல்லான இருதயத்தை உங்கள் மாம்சத்திலிருந்து எடுத்துப்போட்டு, சதையான இருதயத்தை உங்களுக்குக் கொடுப்பேன்"னு இருக்கு. எடுக்குறதும் அவரு, குடுக்குறதும் அவரு. மனசு மாறினாத்தான் ஏத்துக்குவாருன்னு நெனச்சேன், ஏத்துக்கிட்டுத்தான் மாத்துறாரு.

ஜூன் 6, வியாழன்

பயம் ஒரேயடியா போகல. நேத்து ராத்திரி மறுபடியும் வந்துச்சி, ஏணி புடிச்சது உன் நல்ல மனசுக்குன்னு கணக்கு எழுதிக்கிறியான்னு ஒரு நெனப்பு. உண்மையாவே கொஞ்சம் எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். எழும்பி லைட் போட்டு 1 யோவான் 3:20ஐ வாசிச்சேன், நம்ம இருதயமே நம்மள குற்றவாளின்னு தீர்த்தாலும் தேவன் "நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து" சகலத்தையும் அறிந்திருக்கிறாராம். அதோட யோவான் 6:37, வர்றவன புறம்பே தள்ளமாட்டேன்னு அவரு சொன்ன எடம். நான் அவர்கிட்ட வந்துட்டேன், அது எனக்கு தெரியும். தூங்கிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஐயாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சந்தோஷப்பட்டாரு, ஆனா ஈ.பி.எப். காச பத்தி சித்தப்பாகிட்ட பேசினியான்னு கேட்டாரு. மன்னிச்சதுக்கு பிறகு எதுக்கு ஐயான்னேன். மன்னிக்கிறது வேற, உன் அம்மாவுக்கு சேர வேண்டியத கேக்காம விடுறது வேற, அவரும் சரியாக வேணும்லன்னாரு. யோசிச்சி பாத்தா அதுவும் உண்மைதான், அம்மாவோட முழங்காலுக்கு கண்டிக்கு கூட்டிட்டு போகணும், அதுக்கு காசு வேணும். முந்தி கேட்டிருந்தா லயமே கூடுற மாதிரி கத்தியிருப்பேன்.

சனிக்கிழமை சித்தப்பாவுக்கு கிளினிக், நானும் கூட போறேன்னு சொல்லியிருக்கேன். பஸ்ஸுல வர்றப்ப கேக்கப்போறேன்.