செப்ரெய்ரோ மலையேறி சந்தியாகப்பரிடம் போங்கள்

அப்போஸ்தலர் யாகப்பரான சந்தியாகப்பருக்கு நேர்ந்துகொண்டு, அவர் பெயர் தாங்கிய சந்தியாகோ நகருக்கு நடந்துபோக ஸ்பெயினுக்குப் போகிறவர்களில் மிகப் பலர் சாரியா என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். கடைசி 100 கி.மீ. நடந்தால், திருப்பயணம் முடித்ததற்கான கொம்போஸ்தேலா சான்றிதழ் உண்டு. சாரியாவிலிருந்து ஏறத்தாழ 115 கி.மீ. கணக்கு சரியாக வந்துவிடும். செபிக்கத்தான் இடம் இருக்காது. 2024-இல் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அந்தச் சான்றிதழை வாங்கினார்கள் என்றால் அந்தப் பாதையின் நெரிசலை யோசித்துப் பாருங்கள். படுக்கை பிடிப்பதற்காக விடியுமுன்னே தலைவிளக்கோடு ஓட்டம். காது கேளாதோருக்கு உதவி என்று அட்டையை நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு காசு கேட்கும் கும்பல். வழி காட்டும் மஞ்சள் அம்புக்குறியைத் தன் கடைப்பக்கமாகத் திருப்பி வரைந்து வைக்கும் ஆட்கள். செபமாலையில் ஒரு பத்து மணி முடிவதற்குள் நாலு பேர் இடித்துக்கொண்டு போவார்கள்.

நேர்ச்சையை நிதானமாகச் செலுத்த நினைப்பவர் லெயோன் மாகாணத்து அஸ்தோர்காவில் தொடங்கட்டும். அங்கிருந்து சந்தியாகோவுக்கு ஏறத்தாழ 260 கி.மீ. நாளுக்கு 20, 22 கி.மீ. என்று வைத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். இராகோ மலையும் செப்ரெய்ரோ மலையும் இந்தத் தூரத்துக்குள் வருகின்றன. அந்த இரண்டு மலையிலும் யாகப்பர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு வைக்கும் சந்தியாகு என்ற பெயரே அங்கே ஊர்ப்பெயராக இருக்கிறது. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் கொடியேற்றிக் கொண்டாடும் அதே அப்போஸ்தலர், அதே ஜூலை 25.

திருப்பயணி அட்டையை, அங்கே கிரெதென்சியால் என்பார்கள், அஸ்தோர்காவிலேயே திருப்பயணிகள் விடுதியில் வாங்கிக்கொள்ளலாம். தங்கும் இடத்திலும் கோயிலிலும் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும். நாளுக்கு இரண்டு முத்திரையாவது வாங்கிவிடுங்கள். அதை மறந்துவிட்டுச் சான்றிதழ் மேசையில் நின்று கலங்குபவர்கள் உண்டு. முதுகுப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது: 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ, தண்ணீரும் சேர்த்து. மாற்றுடை இரண்டு செட் போதும், இரவில் துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். பருத்திக் காலுறை மட்டும் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத் தோல் உரசினால் கொப்புளம். காலில் ஓர் இடத்தில் சூடு தெரிந்த உடனே நின்று, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அடுத்த ஊரில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

முதல் நாள் ரபனால் வரை 20 கி.மீ., மெல்லிய ஏற்றம், கல் வீடுகள் நிறைந்த, மரகாத்தோ மக்களின் கிராமங்கள். ரபனாலில் ஆசிர்வாதப்பர் சபைத் துறவிகள் சிறிய மாதா கோயிலில் மாலைச் செபத்தை இலத்தீனில் பாடுவார்கள். காலைக் கழுவிவிட்டு அங்கே போய் உட்காருங்கள். மறுநாள் ஏற வேண்டிய மலைக்கு அந்த அரை மணி நேரம்தான் பலம்.

ரபனாலிலிருந்து மோலினசேகா வரை 25 கி.மீ. விடியற்காலையில் கிளம்பி, 1,430 மீட்டரில் இருக்கும் ஃபோன்செபடோனைக் கடக்கலாம். ஏறக்குறைய ஆளே இல்லாமல் போயிருந்த கிராமம் அது. திருப்பயணிகள் திரும்பி வரத் தொடங்கியதால் மறுபடி உயிர் பெற்றது. அதற்கு மேல் 2 கி.மீ. நடந்தால் குரூஸ் தெ ஃபெரோ, இரும்புச் சிலுவை. உயரமான மரக்கம்பம், அதன் உச்சியில் சின்னச் சிலுவை, அடியில் குன்று போலக் கற்கள். ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவர் தன் வீட்டிலிருந்து சுமந்து வந்தது. நீங்களும் வீட்டு வாசலிலிருந்தே எடுத்துப் போங்கள், உள்ளங்கையில் அடங்குகிற கல் போதும். வழியில் பொறுக்கிய கல்லுக்கு அந்தப் பாரம் கிடையாது. கல்லை வைத்த கை காலியாகும்போது ஏற்படுகிற இலேசை ஆண்டவர்தான் தருகிறார். வேதனை என்னவென்றால், அந்தப் புனித இடத்தில் பழைய செருப்பு, பிளாஸ்டிக் பை, துணி எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். படம் எடுக்கக் குன்றின் மேல் ஏறி நின்று சத்தம் போடுகிறவர்களும் உண்டு. கல்லைத் தவிர எதையும் அங்கே விட்டுவராதீர்கள்.

சிலுவையடியில் கண்ணீர் விட்டவர்கள் அடுத்த மூன்று மணி நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதற்குப் பிறகு வரும் இறக்கத்தில்தான். 1,500 மீட்டரிலிருந்து 600 மீட்டருக்குக் கீழே, எல் அசேபோ, ரியேகோ தெ அம்ப்ரோஸ் வழியாக. பாதையெல்லாம் சாய்ந்து நிற்கும் பலகைக்கல், இடையிடையே உருளும் சரளை. ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பிரேக் போட வேண்டியிருக்கிறது, பையின் எடையும் முன்னால் தள்ளுகிறது. பாதம் காலணிக்குள் முன்னுக்குச் சரிந்து விரல்கள் இடிபட்டு நகம் கறுப்பதும் இங்கேதான்.

அதனால் இரண்டு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டிவிடுங்கள். சிலுவையடியிலிருந்து கிளம்புமுன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு ஒட்டவைத்து, கணுக்காலில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். ஊன்றுகோலை ஏற்றத்தில் பிடித்ததைவிட 5 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். அடி சின்னதாக, முழங்கால் சற்று மடங்கியபடி. எல் அசேபோவில் காலணியைக் கழற்றிப் பத்து நிமிடம் காலைக் காயவிட்டு, காலுறையை மாற்றிவிடுங்கள். மழை பெய்தால் கல்பாதை வேண்டவே வேண்டாம், பலகைக்கல் சோப்பு போல வழுக்கும். தார்ச்சாலையும் அதே ஊர்களுக்குத்தான் இறங்குகிறது, ஓரமாக நடந்துவிடலாம். அந்தச் சாலை சைக்கிளில் வருபவர்களுக்கு ஆபத்தானது. எல் அசேபோவைத் தாண்டியதும், அங்கே உயிர்விட்ட சைக்கிள் திருப்பயணி ஒருவருக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. நின்று ஓர் அருள்நிறை மரியே சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு எண் 112.

போன்ஃபெர்ராதா கோட்டையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம். வில்லாஃப்ராங்காவில் நிற்க வேண்டும். அங்கே சந்தியாகப்பர் கோயிலின் வடக்கு வாசலுக்கு மன்னிப்பின் வாசல் என்று பெயர். இதற்கு மேல் நடக்க முடியாத நோயாளிகள் அந்த வாசலைத் தொட்டாலே சந்தியாகோவை அடைந்த பரிபூரண பலன் கிடைக்கும் என்று திருச்சபை அந்தக் காலத்திலேயே இரங்கி வைத்த இடம். வீட்டில் படுக்கையாகக் கிடப்பவருக்காக நேர்ந்துகொண்டு வந்தவர்கள் அவர் பெயரை இங்கே சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.

வில்லாஃப்ராங்காவிலிருந்து ஓ செப்ரெய்ரோ 28 கி.மீ. வழிகாட்டிகள் இதை ஒரே நாளாகப் போட்டிருக்கும், அதை நம்பிப் போகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். 20 கி.மீ. நடந்து களைத்த காலோடு, உச்சி வெயிலில், லாஸ் எர்ரேரியாஸுக்கு வந்து சேர்வார்கள். உண்மையான மலை அங்கேதான் தொடங்குகிறது: மீதி 8 கி.மீ.-இல் 600 மீட்டர் ஏற்றம். திணறி மேலே போனால் விடுதியில் இடம் இருக்காது, அடுத்த அரசு விடுதிக்கு இன்னும் 5, 6 கி.மீ. அரசு விடுதிகளில் முன்பதிவும் கிடையாது. முந்தின இரவு வேகா தெ வால்கார்சேயில் தங்கிவிட்டால் மறுநாளுக்கு 12 கி.மீ.தான். காலைக் குளிரிலேயே ஏறி, மதியம் விடுதிக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்கலாம். மாலைப் பூசைக்கு உடம்பும் மனதும் மிச்சம் இருக்கும்.

லா ஃபாபா வரை பாதை செஸ்ட்நட் மரங்களின் அடியில் ஏறுகிறது. சேறு, பெரிய கற்கள், குதிரைச் சாணம். நடக்க முடியாதவர்களைக் குதிரையில் ஏற்றிப் போவதற்குக் கீழே ஆள் உண்டு. லா ஃபாபாவில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ‘நோ பொதாப்லே’ என்று எழுதிய குழாயில் மட்டும் பிடிக்காதீர்கள், அது குடிக்க ஆகாது. அதற்கு மேல் மரங்கள் விலகி, மலை திறந்துகொள்ளும். காற்று அறையும். கோடையிலும் மேகம் இறங்கி முன்னால் போகிறவர் மறைந்துவிடுவது உண்டு, அதனால் மழைக்கோட்டைப் பையின் மேல்பகுதியில் வையுங்கள். லகூனா கிராமத்தைத் தாண்டியதும், சந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தின் எல்லைக்கல். அதைத் தொட்டு முத்தமிட்டு அழுகிறவர்களைப் பார்க்கலாம்.

ஏறத்தாழ 1,300 மீட்டரில் ஓ செப்ரெய்ரோ ஊர். வைக்கோல் வேய்ந்த முட்டைவடிவக் கல் வீடுகள், பய்யோசா என்று பெயர். கூரை ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு இறங்கியிருக்கும், பனிக்காற்று புகாமல் இருப்பதற்கு. சாப்பாட்டுக்குக் கலீசியக் கீரைச் சாறு கிடைக்கும். அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் காக்கிறவர்கள் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தோர்தியா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செப்டம்பர் 8, 9 மாதா திருவிழாவில் சுற்று வட்டாரமே மலையேறி வரும், தங்குவதற்கு இடம் கிடைப்பது கடினம்.

கோயில் வாசலுக்கு வெளியே ஒரு குருவானவரின் மார்பளவுச் சிலை. எலியாஸ் வலீஞ்ஞா, இந்த ஊரின் பங்குத்தந்தை. பாதையை உலகம் மறந்திருந்த காலத்தில், 1984-இல், காரில் மஞ்சள் பெயின்ட்டை ஏற்றிக்கொண்டு மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனவர். 1989-இல் இறந்துபோனார். அஸ்தோர்காவிலிருந்து வழி தவறாமல் கொண்டுவந்து சேர்த்த ஒவ்வோர் அம்பும் அவர் கொடுத்த கொடை. அந்தச் சிலையின் தோளைத் தொடாமல் உள்ளே போக மனம் வருவதில்லை.

உள்ளே இருட்டு, குளிர், கல்லின் வாசனை. வலப்பக்கச் சிற்றாலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால், புதுமை நடந்த பூசைக் கிண்ணம். 12-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு, சிறியது, இரண்டு கைக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் திருத்தட்டு. 1300-ஐ ஒட்டி, கடும் பனிப்புயலில், பார்ஷமையோர் கிராமத்து ஏழை விவசாயி ஒருவர் பூசை காண இந்த மலையேறி வந்தார். துளி அப்பத்துக்கும் ரசத்துக்குமா இந்தப் புயலில் இவ்வளவு தூரம் வந்தான் என்று பலிபீடத்தில் நின்ற குரு மனதுக்குள் இளக்காரமாக நினைத்தார். அந்த நொடியில் திருத்தட்டில் அப்பம் சதையாக, இந்தக் கிண்ணத்தில் ரசம் இரத்தமாக! அதைப் பார்க்க மாதா சுரூபம் தலை சாய்த்தது என்பார்கள். இன்னும் அந்தச் சாய்வோடுதான் மாதா வீற்றிருக்கிறாள். இசபெல் அரசியும் ஃபெர்னாந்து அரசரும் 1486-இல் இந்த வழியாகத் திருப்பயணம் வந்தபோது திரு அருளிக்கத்துக்குப் பேழை கொடுத்தார்கள்.

மாலைப் பூசையில் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின் மணி அடிக்கும்போது கால் வலி, நகம், படுக்கை, சான்றிதழ் எல்லாம் எங்கேயோ போய்விடுகின்றன. அந்த விவசாயி ஏறி வந்த அதே மலையில் நாமும் ஏறி வந்திருக்கிறோம், அதே அப்பத்துக்காக. இரக்கமுள்ள ஆண்டவரே, உமக்கு நன்றி. யாகப்பரே, நோகிற காலோடு இதுவரை இழுத்து வந்தீரே, உமக்கு நன்றி. திரியாகஸ்தேலா இறக்கம், சாரியா நெரிசல், 2027 யூபிலி ஆண்டுக்குச் செய்ய வேண்டிய முன்பதிவு என்று இன்னும் சொல்ல இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் முழந்தாளிட்டவருக்கு எதுவும் அவசரமாகத் தெரியாது. அந்த விவசாயியும் அந்தக் குருவும் இந்தச் சிற்றாலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்கள் என்பது ஊர் வழக்கு. நம்பி வந்தவரும் நம்பாமல் நின்றவரும், ஒரே கிண்ணத்தின் அருகில்.