காலையில் முதல் பக்கம் திறக்க 22 நொடி: ஃபயர்ஃபாக்ஸில் நான் மாற்றியவை, மாற்றிவிட்டுத் திரும்ப வைத்தவை

வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன், எல்லாமே பிரவுசருக்குள்தான். லேப்டாப் பழசு, 4 ஜிபி ரேம், உள்ளே இன்னும் ஹார்ட் டிஸ்க்தான், நெட்டுக்கு போன் ஹாட்ஸ்பாட். கொஞ்ச நாளாகக் காலையில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் முதல் பக்கம் வந்து சேர்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும் போலிருந்தது. தம்பியிடம் சொன்னேன். "அக்கா, பேசாம புது லேப்டாப் வாங்கிடு" என்றான். வாங்குகிற நிலைமை இப்போது இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எங்கேதான் நேரம் போகிறது என்று பார்த்தேன்.

முதலில் செய்தது, அதே பக்கத்தை அதே சிம்மில் போனிலேயே திறந்து பார்த்தது. 4 நொடிதான் ஆனது. சரி, சிக்னல் மேல் பழி போட முடியாது.

அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். நெட்வொர்க் பேனல் கீழே திறக்கும், பக்கத்தை ரீலோட் செய்தால் எந்தெந்த ஃபைல் வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கோடு கோடாகக் காட்டும். என் வேலைப் பக்கம் காலையில் 22 நொடி. அதே பக்கத்தை மதியம் திறந்தால் 9 நொடி. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், மதியம் பாதி வரிகளில் 'கேஷ்டு' (ஏற்கெனவே இறக்கிக் கணினியில் சேமித்து வைத்த நகல், அதாவது கேஷ், அதிலிருந்து எடுத்தது) என்று இருந்தது, காலையில் ஒன்றில்கூட இல்லை. அதாவது நேற்று இறக்கிய அதே லோகோ, அதே ஸ்கிரிப்ட், அதே எழுத்துரு, எல்லாவற்றையும் தினமும் காலையில் புதிதாக இறக்கிக்கொண்டிருந்தது என் பிரவுசர்.

காரணம் நான்தான். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில், ஃபயர்ஃபாக்ஸை மூடும்போது வரலாற்றை அழி என்று ஒரு டிக் இருக்கிறது, அதற்குள் போனால் எதையெதை அழிக்க வேண்டும் என்று தனிப் பட்டியல். கேஷை அடிக்கடி அழித்தால் பிரவுசர் வேகமாகும் என்று எங்கோ படித்து, எப்போதோ அதில் டிக் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் கோளாறாகத் தெரியும்போது கேஷை அழிப்பது சரி, தினமும் அழித்தால் நேர் எதிர்தான் நடக்கும். கேஷுக்கு மட்டும் டிக்கை எடுத்தேன். மறுநாள் காலை 22 நொடி 13 ஆனது. இந்த ஒரு டிக்கால் கிடைத்த அளவு பலன் வேறு எதிலும் கிடைக்கவில்லை, அதனால் உங்கள் பிரவுசரிலும் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்து அட்ரஸ் பாரில் அபௌட்:கான்ஃபிக் என்று அடித்து, ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புகள் பட்டியலுக்குள் போனேன். எச்சரிக்கை ஒன்று வரும், ஏற்றுக்கொண்டால் ஆயிரக்கணக்கான வரிகள். நாம் மாற்றியதை மட்டும் காட்டச் சொல்லும் வசதி உண்டு, அதை டிக் செய்தேன். பைப்லைனிங் என்ற பெயரோடு மூன்று வரிகள் வந்தன! பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் "ஃபயர்ஃபாக்ஸை வேகமாக்க" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த குறிப்பு அது, நானும் போட்டேன், புரொஃபைலை (என் அமைப்புகளெல்லாம் இருக்கும் ஃபோல்டர்) லேப்டாப் விட்டு லேப்டாப் மாற்றும்போது கூடவே வந்திருக்கிறது. ஒரே இணைப்பில் பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்த கோரிக்கைகளை அனுப்புவதுதான் பைப்லைனிங். ஆனால் பதில்கள் அனுப்பிய வரிசையிலேயே வர வேண்டும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவருக்குக் கைரேகை விழவில்லை என்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதானே, அதே சிக்கல் இதிலும். 2015-ல், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையின் புதிய வடிவமான எச்டிடிபி/2 வந்து பல பதில்களை ஒரே இணைப்பில் கலந்து அனுப்ப வழி செய்தது, ஃபயர்ஃபாக்ஸும் 2017-ல் பைப்லைனிங்கையே தூக்கிவிட்டது. அந்த மூன்று வரிகளின் ஓரத்தில் குட்டியாக ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருந்தது, மற்ற வரிகளில் வளைந்த அம்புக்குறி. அம்புக்குறி என்றால் பழைய மதிப்புக்குத் திரும்பலாம். குப்பைத்தொட்டி என்றால் இப்படி ஒரு அமைப்பே இப்போதைய ஃபயர்ஃபாக்ஸுக்குத் தெரியாது, நாம் எழுதி வைத்தது மட்டும் சும்மா கிடக்கிறது. மூன்றையும் அழித்தேன். அதே நாளில் போட்ட இன்னொன்று, ஒரு சர்வருக்கு எத்தனை இணைப்பு என்பது. இயல்பாக 6, நான் 20 ஆக்கி வைத்திருந்தேன், அதையும் 6-க்கே கொண்டுவந்தேன். இவற்றால் நேரம் குறைந்ததா என்றால் இல்லை, ஆனால் இனி ஏதாவது கோளாறு வந்தால் இதுதான் காரணமோ என்று யோசிக்க வேண்டியதில்லை.

முதல் பக்கம் மட்டும் இன்னும் தயங்கியது. செட்டிங்ஸின் நெட்வொர்க் அமைப்பில் பிராக்ஸியை (நமக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் இடைக் கணினி) தானாகக் கண்டுபிடி என்று இருந்தது, முன்பு ஒரு அலுவலகத்தில் இருந்தபோது வைத்தது. வீட்டில் ஏது பிராக்ஸி? இல்லாத ஒன்றைத் தேடிவிட்டுத்தான் பக்கத்தைத் திறக்கவே ஆரம்பித்திருக்கிறது. பிராக்ஸி வேண்டாம் என்று மாற்றினேன், 3 நொடி மிச்சம்.

பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த குட்டிக் கருவிகள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள், 11 இருந்தன. அபௌட்:புராசஸஸ் என்று அடித்தால் எது எவ்வளவு மெமரி தின்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி ரீலோட் செய்து பார்த்ததில், எழுத்துப்பிழை பார்க்கும் ஒன்றுதான் பெரிய சுமை, அதை நிறுத்தியதும் ஸ்க்ரோல் செய்வதே இலகுவாகிவிட்டது. யூபிளாக் ஆரிஜினை மட்டும் விடவில்லை. அது விளம்பர ஃபைல்களை இறக்கவே விடுவதில்லை, ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு டேட்டாவும் மிச்சம்.

தமிழ்ப் பக்கங்கள் அதிகம் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். நான் திருத்தும் ஒரு தளம் நான்கு தமிழ் எழுத்துருக்களை இறக்கிக்கொண்டிருந்தது, சேர்த்துப் பார்த்தால் 600 கேபிக்கு மேல். எழுத்துருப் பகுதியில், பக்கங்கள் தங்கள் எழுத்துருவையே பயன்படுத்தலாம் என்ற டிக்கை எடுத்தால் கணினியில் இருக்கும் எழுத்துருவிலேயே காட்டும். எழுத்து உடனே வந்தது. ஆனால் சில தளங்களில் மெனு, தேடல் பொத்தான்கள் எல்லாம் வெறும் கட்டங்களாகிவிட்டன, ஏனென்றால் அந்தப் படங்களும் எழுத்துருவாகத்தான் வருகின்றன. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப டிக் போட்டேன். வெறுமனே படிப்பவர்களுக்கு இது ஒத்துவரலாம்.

பக்கத்தை வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் ஹார்டுவேர் ஆக்சலரேஷனையும் நிறுத்திப் பார்த்தேன், பக்கம் நகர்த்தும்போது திக்கியது, திரும்ப வைத்தேன். நம்மைத் தளம் தளமாகப் பின்தொடரும் ஸ்கிரிப்டுகளைத் தடுக்கும் டிராக்கிங் பாதுகாப்பை ஸ்ட்ரிக்ட் ஆக்கியது நன்றாக இருக்கிறது. பணம் கட்டும் ஒரு பக்கம் மட்டும் லாகின் ஆக மறுத்தது, அட்ரஸ் பாரின் இடதுபுறக் கேடயத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டேன். தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ், அதை 1.1.1.1 என்ற சேவைக்கு மாற்றச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நெட்வொர்க் பேனலின் டைமிங்ஸ் பகுதியில் டிஎன்எஸ்ஸுக்கு என்று போன நேரம் 40 மில்லிசெகண்ட்தான், அதில் போய் எதை மிச்சம் பிடிப்பது, விட்டுவிட்டேன்.

இப்போது காலையில் வேலைப் பக்கம் 7 நொடியில் நிற்கிறது. இன்னொரு தளம் மட்டும் 11 நொடி, அதில் 'வெயிட்டிங்' மட்டுமே 8. அந்த நேரமெல்லாம் அவர்கள் சர்வர் எடுத்துக்கொள்வது, என் பக்கம் எந்த டிக்கை மாற்றினாலும் குறையாது. அதைத் திறக்க விட்டுவிட்டு அடுத்த டேபில் வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.