அரண்மனையில் யார் சமைக்கிறார்கள்?

ஜனவரி 13, 2024

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை முடித்தேன். மணற்புழுவைப் பற்றியும் தீர்க்கதரிசியைப் பற்றியும் எல்லோரும் பேசியாகிவிட்டது. எனக்கு மனதில் நின்றது ஒரு விருந்துதான்.

அராக்கிஸ் கிரகம் முழுக்கப் பாலைவனம். அங்கே பெரிய வீட்டு விருந்துக்கு வருபவர்கள் வாசலில் ஒரு பாத்திரத்தில் கையை நனைத்து, இரண்டு மூன்று கோப்பைத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, துண்டால் கையைத் துடைத்து, அந்தத் துண்டையும் ஈரத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அதுதான் மரியாதை. விருந்து முடிந்ததும், மிதிபட்ட அந்தத் துண்டுகளைப் பிழிந்து வரும் தண்ணீருக்காக வெளியே ஏழைகள் காத்துக்கிடப்பார்கள். அதையும் விற்றுக் காசாக்கலாம் என்று பார்க்கிறாள் வீட்டுப் பொறுப்பாளர். கிரகத்தை ஆளப் புதிதாக வந்த பிரபு லீட்டோ இந்த வழக்கத்தை அன்றே நிறுத்துகிறார்.

தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டவர்களுக்கு இந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த உலகத்தை நான் நம்பியது இங்கேதான்.

1965-இல் வந்த புத்தகம். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, வண்டி பழுதுபார்க்கும் கையேடுகள் போட்டுக்கொண்டிருந்த சில்டன் நிறுவனம்தான் வெளியிட்டதாம். நல்ல மனுஷர்கள்.

பிப்ரவரி 11

அம்மா வந்திருக்கிறாள். மத்தியானம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையைச் சொன்னேன். வில்லனின் நாடான மோர்டோரிலிருந்து படை பல ஆயிரக்கணக்கில் திரண்டு வரும் இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏண்டி, அது எரிமலையும் சாம்பலுமா இருக்குற ஊருங்குற. அத்தன பேருக்கும் யாரு சோறு பொங்குறா?"

சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். டோல்கின் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். தெற்கே நூர்னென் ஏரிக்கரையில் அடிமைகள் உழும் பெரிய வயல்கள் இருக்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி. முன்பு படித்தபோது அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னதும் "அப்ப சரி" என்றாள், மேலே சொல்லலாம் என்பதுபோல.

பிப்ரவரி 25

அம்மா கேட்டதிலிருந்து கண் தானாக அடுப்படிப் பக்கம் போகிறது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோவோடு போகும் சாம், சட்டிகளையும் ஒரு சின்ன உப்புப் பெட்டியையும் வழி முழுக்கச் சுமந்துகொண்டே போகிறான். வழியில் இதிலியன் என்ற இடத்தில் முயல் கிடைத்ததும் வாசனைத் தழை தேடுகிறான். கடைசியில், மோர்டோருக்குள், இனிச் சமைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் அந்தச் சட்டிகளை ஒரு பிளவுக்குள் எறிகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவனுக்குச் சாவுமணிபோல் கேட்கிறது. போர்க்களத்தில் ராஜாக்கள் விழுந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இங்கே தொண்டை அடைத்தது.

மார்ச் 17

இந்த வருஷத்தின் புதையல் ஒரு சிறுகதை. ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905-இல் அது முதலில் வந்தது நம்ம மெட்ராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். வங்காளத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய அறிவியல் கதை மெட்ராஸில் அச்சாகியிருக்கிறது. அதை நான் இத்தனை வயதுக்குப் பிறகு கண்டுபிடிக்கிறேன்.

கதையில் பெண்கள் நாட்டில் ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள். தெருவில் பெண்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். படையெடுத்து வந்தவர்களைச் சூரிய வெப்பத்தைக் குவித்தே விரட்டிவிட்டார்கள். மழையை மேகத்திலிருந்தே குழாய் வைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் இருக்கட்டும், சமையலறைக்கு வாருங்கள். காய்கறித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. கரி இல்லை, நெருப்பு இல்லை, புகைபோக்கிகூட இல்லை, ஜன்னலில் பூக்கள். எப்படிச் சமைப்பீர்கள் என்று கனவு காணும் சுல்தானா கேட்டால், வெயிலைக் குவித்துக் கொண்டுவரும் குழாயைக் காட்டுகிறார்கள். வருஷக்கணக்காக விறகுப் புகையில் கண் எரிந்தவர்களைப் பார்த்த ஒருத்தியின் கற்பனை அது. பறக்கும் வண்டியை யார் வேண்டுமானாலும் நினைத்துவிடலாம். புகையில்லாத அடுப்பை நினைக்க அந்த வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

அந்த நாட்டில் வேலை நேரம் தினமும் இரண்டு மணிதான். ஆபீஸில் ஆண்கள் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்களே என்றால், ஒரு சுருட்டுக்கு அரை மணி, நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆறு மணி நேரம் புகையாகவே போகிறது என்று கணக்குச் சொல்கிறாள் கூட வரும் சாரா. எங்கள் ஆபீஸ் டீக்கடைக் கணக்கை யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

ரொக்கேயாவின் கணவர் பாகல்பூரில் அதிகாரி. கதையை நின்றபடியே படித்து முடித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

மே 12

வெயில். ஒரு தடித்த மாயாஜாலத் தொடரின் முதல் புத்தகத்தை முந்நூறாம் பக்கத்தில் மூடினேன். மந்திரத்துக்குச் சட்டதிட்டம் எல்லாம் துல்லியமாக எழுதியிருக்கிறார்கள். கதாநாயகனுக்கு மட்டும் பசியே எடுக்காது.

அப்புறம் ஆறுதலுக்கு 'என் இனிய இயந்திரா'. கதை நடப்பதாகச் சுஜாதா எழுதிய 2021 வந்தும் போய்விட்டது. அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவுக்குச் சோறு தேவையில்லை, அதனால் என் கேள்வியிலிருந்து அதற்கு விலக்கு.

ஜூன் 30

லெ குவினின் 'தி டிஸ்பொசெஸ்ட்', 1974. இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட நாவல். அனாரஸ் என்ற உலகத்தில் காசு இல்லை, அரசு இல்லை. அப்படியென்றால் சாக்கடையை யார் அள்ளுவது? பத்து நாளுக்கு ஒரு நாள் எல்லோரும் முறை போட்டு அந்த மாதிரி வேலைகளுக்குப் போகிறார்கள், பெரிய இயற்பியலாளர்கள் உட்பட. ஏட்டளவில் அழகுதான். பஞ்சம் வந்ததும் என்ன ஆகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நாயகனான இயற்பியலாளன் ஷெவெக்கும் அவன் துணைவி தக்வெரும் வெவ்வேறு ஊர் வேலைக்குப் போய் நான்கு வருஷம் பிரிந்திருக்கிறார்கள். யாருக்குச் சாப்பாட்டுப் பங்கைக் குறைப்பது என்று பட்டியல் போடும் வேலை ஷெவெக் தலையில் விழுகிறது. விட்டுவிட்டு வருகிறான். அவன் விட்டால் வேறொருவர் உட்கார்ந்து எழுதத்தானே போகிறார்.

பிறகு அவன் போகும் பணக்கார உலகமான ஊராஸில் அவனுக்கு எஃபோர் என்று ஒரு பணியாள். நாவலில் பாதி தூரம் அவர் வெறும் "சரி ஐயா". திடீரென்று ஒரு நாள் வாய் திறந்து தன் வாழ்க்கையைச் சொல்கிறார். ஊராஸ் எப்படிப்பட்ட ஊர் என்று அந்தச் சில பக்கங்களில் தெரிந்துவிடுகிறது. நடுவில் வரும் இயற்பியல் விவாதங்களில் எனக்குக் கண் சொருகியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 18

'பிரனேசி'. சுசானா கிளார்க், 2020. முடிவில்லாத மண்டபங்கள், ஆயிரக்கணக்கில் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல். அங்கே ஒருவன் மீன் பிடித்து, கடற்பாசியைக் காயவைத்து எரித்துக் குளிர்காய்ந்து வாழ்கிறான். ஒரு ஆல்பட்ராஸ் ஜோடி கூடு கட்ட இடம் தேடி வருகிறது. தனக்கென்று சேர்த்த காய்ந்த பாசியை எடுத்துக் கொடுத்துவிடுகிறான். எத்தனை நாள் விறகு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கொடுக்கிறான். அந்தக் கணக்கு இல்லையென்றால் அது வெறும் நல்ல மனசு. இருப்பதால்தான் அது தானம். அந்த வருஷத்துக்கே ஆல்பட்ராஸ் வந்த வருஷம் என்று பெயர் வைக்கிறான்.

செப்டம்பர் 22

ஆர்தர் கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. 1956-லிருந்து இலங்கையில் வாழ்ந்தவர். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் பெயர் மாற்றி, தீவையே பூமத்தியரேகைக்கு நகர்த்தி, அங்கிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார். சமையலறை எங்கேயும் கண்ணில் படவில்லை. மனிதர்களும் வரைபடத்தில் இருப்பவர்கள் மாதிரிதான். ஆனால் மலை உச்சியில் மடம் நடத்தும் பிக்குகள் இடத்தைக் காலி செய்யும் விதம்! வண்ணத்துப்பூச்சிகள் உச்சிக்கு வந்தால் போய்விட வேண்டும் என்று பழைய வாக்கு. யாரோ வானிலைக் கட்டுப்பாட்டைக் குழப்பப்போய், எழுந்த காற்று பூச்சிகளை மேலே தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிடுகிறது. மத்த குறைகளையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

நவம்பர் 10

'டெஹானு'. லெ குவினின் எர்த்ஸீ மாயாஜாலக் கதையின் மூன்றாம் பாகம் 1972, நான்காவதான இது 1990. இடையில் பதினெட்டு வருஷம் லெ குவின் யோசித்திருக்கிறார். மாபெரும் மந்திரவாதி கெட் சக்தி முழுவதும் தீர்ந்து, ஆடு மேய்க்கப் போகிறான். கதை நாயகி டெனாரின் வீட்டுக்குள் நடக்கிறது: ஆடு, தோட்டம், தீக்காயம் பட்ட ஒரு குழந்தை. கப்பல் வேலையிலிருந்து திரும்பிய அவள் மகன், சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் அது பொம்பளை வேலை என்று முகத்தைத் திருப்புகிறான். டிராகனோடு பேசிய கெட் எழுந்து பாத்திரம் தேய்க்கிறான்.

இது வந்தபோது சில பழைய வாசகர்களுக்குக் கசந்ததாம், சாகசம் எங்கே என்று. எனக்கு நாலு பாகத்தில் இதுதான் மேல். அம்மாவிடம் மகன் தட்டு விஷயத்தைச் சொன்னேன். "வளர்ப்பு அப்படி" என்று டெனார் மீதே பழியைப் போட்டாள். ஒரு மணி நேரம் சண்டை.

டிசம்பர் 29

நேற்று 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' தொடங்கியாயிற்று. குளிர்காலமே முடியாத கிரகம். முதல் அத்தியாயத்திலேயே விருந்து: சூடான பீர் ஊற்றுகிறார்கள், ஏனென்றால் அந்த ஊரில் ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் நடுவில் பானத்தின் மேலே பனி உறைந்துவிடும், அதை உடைக்க மேஜையில் ஒரு குட்டிக் கருவி. மீதி இருநூற்றுச் சொச்சப் பக்கம் ஜனவரிக் கணக்கில் வரும்.