ஆடியில் தேடிய வீடு

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் ஆறு ஆண்டுகள் குடியிருந்த வீட்டை, உரிமையாளர் தம் மகன் திருமணத்துக்காகத் திரும்பக் கேட்டபோது ஆனி மாதம் பாதி கடந்திருந்தது. பாரிமுனையில் வேலை, திருவொற்றியூரில் பிள்ளைகளின் பள்ளி, மூட்டுவலிக்கார அம்மா, மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு மேல் தாங்காத சம்பளம் ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், எனவே தேடுவதும் வீண் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அது நேர்மாறாகப் பட்டது. ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். ஒரு மாத வாடகையை இழந்துகொண்டிருக்கும் உரிமையாளரிடம்தான் பேரம் பேச முடியும்.

முதலில் பார்த்தது கொடுங்கையூரில். இரண்டு அறை, நல்ல வெளிச்சம், 7,500 ரூபாய். அந்த இடத்தில் அந்த அளவு வீடு ஏன் அவ்வளவு குறைவு என்று எனக்கு விளங்கவில்லை. தெருமுனை டீக்கடைக்காரர்தான், "சாயங்காலம் ஒரு தடவை வந்து பாருங்க சார்" என்றார். கடற்காற்று திரும்பிய பிறகு போனேன். குப்பைக் கிடங்கின் வாடை படுக்கையறை வரை வந்தது. அன்று முதல் எந்த வீட்டையும் பகலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும், முடிந்தால் மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் ஒரு முறையும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஆடி மாதத்து மாலை மழை இதற்கு மிகவும் உதவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று உரிமையாளரிடம் கேட்பதைவிடச் சுவரின் கறையிடம் கேட்பது நல்லது.

மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் என்று தரகர் சொல்லும் வீடுகள் வேறு ரகம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கியபின் அந்த ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் வாடகை ஏறியதைக் கண்ணால் கண்டவன் நான். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "தம்பி, வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் பத்து மாசம், கரன்ட் யூனிட்டுக்கு ஒன்பது ரூபா, தண்ணிக்கு முந்நூறு, மெயின்டனன்ஸ் இருநூறு."

பேருந்தில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் மாதம் ஏறக்குறைய 110 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் 990. ஆக மாதச் செலவு 9,990 ரூபாய். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசம். ஆனால் ஒரே மின் இணைப்பிலிருந்து துணை மீட்டர் போட்டுப் பிரித்துக் கொடுக்கும் வீடுகளில் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. தனி மின் இணைப்பு உள்ள வீட்டுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் அது எங்களுக்கு மலிவுதான்.

வாடகையைவிட என்னை அதிகம் வாட்டியது முன்பணம். பழைய வீட்டின் முன்பணம் சாவியை ஒப்படைத்த பிறகே கைக்கு வரும். அதிலும் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை பிடித்தம். புதிய வீட்டின் முன்பணத்தையோ சாவி வாங்கும் முன்பே கட்ட வேண்டும். இடைப்பட்ட இரண்டு வாரத்துக்காக நகையை அடகு வைக்காத குடும்பம் எங்கள் தெருவில் குறைவு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை ஆணையத்தில் பதிவு செய்யவும் சொல்கிறது. "வேறு உடன்பாடு இல்லாவிட்டால்" என்ற அந்த ஓட்டை வழியாகத்தான் பத்து மாத வழக்கம் இன்றும் சுகமாக நடமாடுகிறது. சட்டத்தைச் சொல்லி நான் யாரையும் மடக்கவில்லை. ஆனால் மூன்று என்ற எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்கினால் ஐந்தில் வந்து நிற்கலாம் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

அப்படி நின்றது காலடிப்பேட்டையில். சென்னை ஆளுநராக 1717 முதல் 1720 வரை இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. காலட்பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. வீடு கொடுத்து ஆளை அழைத்த காலமும் இருந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். முதல் மாடி, ஒரு படுக்கையறை, தனி மின் இணைப்பு, 8,800 ரூபாய். அம்மாவுக்குப் பதினெட்டுப் படிகள் கடினம் என்பதுதான் குறை. தரைத்தள வீடு காலியானால் முதலில் எங்களுக்கே தருவதாக உரிமையாளர் சொன்னார்; அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதினார். குழாய் முனையில் உப்புப் படிந்திருந்தது, எனவே போர்த் தண்ணீர் குளிக்க மட்டும். குடிநீருக்குத் தெருவிலுள்ள அடிபம்பில் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், வருகிறது, விடியற்காலையில் எழ வேண்டும்.

ஆடியில் முன்பணம் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. பதினெட்டாம் பெருக்குக்கு விலக்கு உண்டு என்று பக்கத்து வீட்டுப் பாட்டி தீர்ப்புச் சொன்னதால் அன்று காலை 5,000 ரூபாய் டோக்கன் கொடுத்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். பால் பொங்குவதற்குள் நான் படிக்கட்டின் கீழே போய் மின் மீட்டரின் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, உரிமையாளருக்கும் ஒரு படம் அனுப்பிவிட்டு வந்தேன்.