ஆள்கணக்கில் வராத அம்மா

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்றது) சமூக சேவை அலுவலகத்தில் ஃபுட் ஸ்டாம்ப் மனுக்களைப் பார்ப்பது என் வேலை. வருமானம் குறைந்தவர்கள் உணவுப் பொருள் வாங்க அரசாங்கம் ஒரு கார்டில் ஏற்றித் தரும் உதவி அது. அரசாங்கக் காகிதங்களில் அதற்கு வேறு பெயர் உண்டு. ஜன்னலுக்கு வருகிறவர்கள் ஃபுட் ஸ்டாம்ப் என்றுதான் சொல்வார்கள். இந்த நாட்டில் வந்து இறங்கிய யாரும் நேராக வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வேலைக்குச் சேரும் முன்பு நானும் நினைத்திருந்தேன். பயிற்சியின் முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது.

1996இல் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம்தான் எங்களுக்கு அடிப்படை. எச்1பி போன்ற வேலை விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் பெரும்பாலும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். இங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் இல்லாதவர்களுக்கு என்றைக்குமே கிடையாது. அகதியாக வந்தவர்களுக்கு உடனே கிடைத்துவந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதையும் எடுத்துவிட்டது, கிரீன் கார்டு வரும்வரை அவர்களும் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு பொங்கல் விழாவில் சொல்ல வேண்டிவந்தது. "நம்ம டேக்ஸ் பணத்துலதான் அவங்க எல்லாம் உக்காந்து சாப்பிடறாங்க" என்றார் ஒரு நண்பர், காகிதமில்லாமல் இருப்பவர்களைப் பற்றி. அவருடைய சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதமும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதமும் பிடிப்பதுபோலவே, காகிதமில்லாமல் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்து ஆலையில் வேலை செய்கிறவரிடமும் பிடிக்கிறார்கள், அந்தப் பணத்தில் ஓய்வூதியம் வாங்க அவருக்கு வழி இல்லை என்றேன். "சரிங்க, ஆனா கடையில கார்டு தேய்க்கறதை நானே பாத்திருக்கேனே!" என்றார்.

அவர் பார்த்தது பொய்யில்லை. காகிதமில்லாத குடும்பங்களில் கார்டு அம்மா கையில்தான் இருக்கும். ஆனால் அதில் ஏறும் பணம் இங்கே பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கானது. மனுவில் அம்மாவின் சம்பளம் கணக்கில் வரும். ஆள்கணக்கில் அம்மா வரமாட்டார். மூன்று பேர் சாப்பிடும் வீட்டுக்கு இரண்டு பேருக்கான தொகை. கல்லாவில் பின்னால் நிற்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

2020 பிப்ரவரியில் வந்த ஒரு அம்மாவை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. கோழி ஆலையில் வேலை. அரசு உதவி வாங்கினால் கிரீன் கார்டு மறுக்கப்படலாம் என்ற புதிய விதி அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையிலிருந்து இரண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் கார்டையும் எடுத்து வைத்தார். நாலு வயதுப் பையன் ஒருவன் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். போனில் மொழிபெயர்ப்பாளர். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதை நிறுத்திவிடுங்கள்.

பிள்ளைகள் வாங்குவது உங்கள் கணக்கில் சேராது என்று சொன்னேன். இரண்டாம் முறை இன்னும் மெதுவாகச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளரும் தன் பங்குக்கு அழுத்திச் சொன்னது குரலிலேயே தெரிந்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பால், முட்டை தரும் விக் திட்டம் இருக்கிறது, அதில் குடியேற்ற நிலையைப் பார்ப்பதே இல்லை என்று ஒரு தாளை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. பெயர் இன்னொரு பட்டியலில் ஏறுவதே அவருக்குப் பயம். நான் சொன்னதை நம்பவில்லை என்று நினைக்கவில்லை. நம்பினாலும் பிள்ளைகளை விட்டுப் பிரியும் ஆபத்தை எடுக்க அவர் தயாராக இல்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது வந்த கோபம் அவர்மேல் இல்லை.

மூடுவதற்குக் காரணம் கேட்டது கணினி. மனுதாரரே கேட்டுக்கொண்டதால் என்று பதிந்தேன். தேவையில்லை என்று விட்டவர்களும் பயத்தில் விட்டவர்களும் அந்த ஒரே வரியில்தான் போய்ச் சேர்கிறார்கள்.

2021 மார்ச்சில் அந்த விதி போய்விட்டது. அப்புறம் எங்கள் வரவேற்பறையில் ஸ்பானிஷ் மொழியில் அறிவிப்பு ஒட்டினோம். அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து மனு கொடுத்தவர்கள் சிலர் உண்டு. அந்த அம்மாவை மட்டும் என் ஜன்னலில் நான் மறுபடி பார்க்கவில்லை.