புரட்டாசியில் பீர்

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்

இன்று புரட்டாசி பிறந்தது. இனி ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டில் மீனும் இல்லை, கோழியும் இல்லை, மதுவும் இல்லை. அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவள்தான் நான். ஆனால் பீர் காய்ச்சும் சாமான்களுக்குப் போன வாரமே ஆர்டர் கொடுத்திருந்தேன். மாதம் பிறந்த அன்றே பெட்டி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அம்மா பிரித்துப் பார்த்தார். மால்ட் பொடி ஒன்றரை கிலோ, ஈஸ்ட் பொட்டலம், பச்சை உருண்டைகளாக ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ). "என்னடி இது, கோழித் தீவனமா?" என்றார். சொன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அம்மாவுக்குக் காரணம் இருக்கிறது. தாத்தா இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் நேராகக் கள்ளுக்கடைக்குப் போய்விடுவார். அம்மாவும் பெரியம்மாவும் அவரைத் தேடிக்கொண்டு போவார்கள். "அதுல ஒரே நல்லது, பாட்டி ஆப்ப மாவுக்கு ஒரு கரண்டி கள்ளு கிடைக்கும்" என்பார் அம்மா. அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

இரவு மறுபடியும் பேச்சுவார்த்தை. முதல் கேள்வி, போலீஸ் வருமா? வராது. சிங்கப்பூர்ச் சுங்கத்துறை வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், விற்கக் கூடாது, வடித்துச் சாராயம் ஆக்கக் கூடாது. நான் காய்ச்சப்போவது 10 லிட்டர். கடைசியில் அம்மாவின் தீர்ப்பு: காய்ச்சலாம். சனிக்கிழமை அடுப்பில் வைக்கக் கூடாது. புரட்டாசி முடியும்வரை ஒரு சொட்டு வாயில் படக் கூடாது.

எப்படியும் பீர் தயாராக நாலு வாரம் ஆகும். ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 21, சனி

காலையில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயில். முதல் சனி, நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் ஈஸ்ட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பெருமாள் மன்னிப்பாராக.

செப்டம்பர் 22, ஞாயிறு

காய்ச்சியாயிற்று. கை, கால், அடுப்பு, தரை எல்லாம் பிசுபிசு.

முதலில் தண்ணீர். நம் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரமைன் சேர்க்கிறார்கள். குளோரின் என்றால் கொதிக்கவைத்தால் போய்விடும், இது லேசில் போகாது. அப்படியே காய்ச்சினால் பீரில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாசம் வருமாம். கேம்ப்டன் மாத்திரையில் ஒரு துணுக்கு கிள்ளிப் போட்டால் தீர்ந்தது.

பார்லியை முளைகட்டி, காயவைத்து, அதன் சாற்றை எடுத்துப் பொடியாக்கியதுதான் மால்ட் பொடி. தேர்ந்தவர்கள் தானியத்தையே வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்குவார்கள். முதல் தடவை என்பதால் நான் குறுக்கு வழியில் 1.3 கிலோ பொடியைக் கரைத்தேன். கொதி வந்ததும் வீடு முழுக்க ஒரு வாசம். அறைக்குள்ளிருந்து அம்மா, "யாருக்குடி ஹார்லிக்ஸ்?" என்றார். அதுவும் மால்ட்தானே.

பதில் சொல்லத் திரும்பிய அந்த அரை நிமிடத்தில் பானை பொங்கிவிட்டது. பால் பொங்குவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாகு அடுப்பில் வழிந்து கருகி, தீயை அணைத்துத் துடைத்து மறுபடி ஏற்ற இருபது நிமிடம் போயிற்று.

கொதி தொடங்கியதும் 15 கிராம் ஹாப்ஸ், கசப்புக்கு. ஒரு மணி நேரக் கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னொரு 15 கிராம், மணத்துக்கு. ஆரஞ்சுத் தோலும் அறுத்த புல்லும் கலந்த மாதிரி இருந்தது.

அடுத்தது ஆறவைப்பது. குளிர்நாட்டில் குழாயைத் திறந்துவிட்டால் போதும். இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு. கழுவுதொட்டியில் இரண்டு பை ஐஸ் கொட்டி அதில் பானையை இறக்கினேன். முக்கால் மணி நேரம் கழித்து 30 டிகிரி. ஈஸ்ட் பொட்டலத்தில் 18 முதல் 22 வரை என்று போட்டிருந்தது. ஐஸ் தீர்ந்துவிட்டது, நானும் தீர்ந்துவிட்டேன். அடர்த்தி பார்க்கும் ஹைட்ராமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீர் என்றால் 1.000, சர்க்கரை கூடினால் ஏறும், ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன இறங்கும். 1.045. அது 20 டிகிரிக்குச் செய்த கருவி என்பதால் சூட்டுக்காக இரண்டு புள்ளி கூட்டி 1.047 என்று எழுதிவைத்தேன். வாளியில் ஊற்றி, பாதிப் பொட்டலம் ஈஸ்டைத் தூவி மூடினேன்.

செப்டம்பர் 23, திங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஏர்லாக்கில், அதாவது காஸை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத மூடிக்குழாயில், குமிழி. தோசை மாவு பொங்கி மூடியைத் தூக்குமே, அதே ஆவேசம். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வாளியில் ஒட்டிய வெப்பமானி 32 காட்டியது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூட்டைக் கிளப்பும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, வாளியைத் தொட்டுப் பார்ப்பது வேறு.

செப்டம்பர் 24, செவ்வாய்

எங்களுடையது பழைய வீவக (அரசு அடுக்குமாடி) புளோக், வாளியை வைக்கப் புது வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்ட்டர் என்ற பதுங்கு அறை கிடையாது. இருந்திருந்தாலும் அந்தப் பெட்டி மாதிரி அறைக்குள் புழுக்கம்தான். துணி அலசும் பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, வாளியை நடுவில் வைத்து, ஈரத் துண்டைச் சுற்றி, பக்கத்தில் மேசை விசிறி. ஃப்ரீசரில் உறையவைத்த பாட்டில்களைக் காலையில் மூன்று, இரவில் மூன்று என்று மாற்றுகிறேன். 25க்கு இறங்கியது. ஆனால் குமிழி ஏற்கெனவே அடங்கிக்கொண்டிருந்தது. வாசத்தைத் தீர்மானிப்பது முதல் இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளும் போயாச்சு.

ஃப்ரீசரில் இடமில்லாததால் அம்மாவின் தேங்காய்த் துருவல் வெளியேற்றப்பட்டது. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத விரும்பவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

அளவு பார்க்க ஒரு குவளை எடுத்தேன். 1.010. காய்ச்சுகிறவர்கள் அந்த மாதிரியைக் குடித்துப் பார்த்துத்தான் தேறியதா இல்லையா என்று சொல்வார்கள். எனக்கோ புரட்டாசி.

பக்கத்து வீட்டுச் சீன அங்கிளைக் கூப்பிட்டேன். கீழே கோப்பிக்கடையில் தினமும் சாயங்காலம் ஒரு பெரிய டைகர் பாட்டிலும் ஒரு குவளை ஐஸுமாக உட்கார்ந்திருப்பவர். டைகர் இங்கே 1932இல் பிறந்த பீர், அவர் பிறந்தது அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "போ காஸ்!"

எங்கே போகச் சொல்கிறார் என்று அம்மா பதறினார். ஹொக்கியனில் 'போ' என்றால் இல்லை. காஸ் இல்லையாம். சரிதான், இன்னும் புட்டியில் அடைக்கவில்லையே. வேறென்ன தெரிகிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பிசாங்" என்றார்.

நான் மோந்து பார்த்தேன். ஆமாம், வாழைப்பழம். பழுத்துக் கறுத்த ரஸ்தாளி. சூட்டில் அவசரப்படுத்திய ஈஸ்ட் விட்டுவைக்கும் வாசம் அது. ஜெர்மன் கோதுமை பீரில் வேண்டுமென்றே வரவைப்பார்கள். நான் வேண்டவில்லை.

அக்டோபர் 2, புதன்

மறுபடி 1.010. இரண்டு முறையும் ஒரே அளவு, நொதித்தது முடிந்தது. இதைப் பார்க்காமல் அடைத்தால் மிச்சச் சர்க்கரை உள்ளே நொதித்துப் புட்டியே வெடிக்கும். கணக்குப் போட்டால் சுமார் 4.9 சதவீத ஆல்கஹால். ஞாயிறுவரை வண்டல் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

அங்கிள் தான் குடித்த பெரிய பாட்டில்களில் பதினான்கைச் சேர்த்து வைத்திருந்தார். வாடகை, முதல் பாட்டில் அவருக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் பிரஷ் விட்டுக் கழுவி, கிருமிநீக்கி ஊற்றி அலசவே இரண்டு மணி நேரம். காய்ச்சுவது அரை நாள், கழுவுவது மீதி வாழ்நாள்.

60 கிராம் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, 9 லிட்டர் பீரில் கலந்தேன். அடைத்த புட்டிக்குள் மிச்ச ஈஸ்ட் இந்தச் சீனியைத் தின்று வெளிவிடுவதுதான் காஸ். மூடி அழுத்தும் கருவி நண்பனுடையது. பதினான்கில் ஒன்று கழுத்தில் விரிசல் விட்டது, கொட்டிவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அம்மா கத்தி, அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். நான் சத்தமில்லாமல் ஹைட்ராமீட்டரை ஓரமாக வைத்தேன். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பொட்டு விழுந்தது.

அக்டோபர் 19, சனி

புரட்டாசி முடிந்துவிட்டது. நேற்று இரவு இரண்டு பாட்டிலைக் குளிரவைத்தேன்.

மூடியைத் திறந்ததும் 'ஸ்ஸ்' என்றது. அங்கிள் கைதட்டினார். வெல்லப் பாகு நிறம், கொஞ்சம் கலங்கல், மேலே இரண்டு விரல் நுரை. முதல் மடக்கில் வாழைப்பழம், அப்புறம் மால்ட், கடைசியில் நாக்கின் அடியில் ஹாப்ஸ் கசப்பு. மோசமில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அங்கிள் ஐஸ் போட்டுக்கொண்டார். என் ஒரு மாத உழைப்பில் ஐஸ்! பத்து நிமிடத்தில் குவளை காலி. "காஸ் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறை நார்வேக்காரர்கள் பண்ணைகளில் வழிவழியாக வைத்திருக்கும் குவைக் ஈஸ்ட். 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்குமாம். நம் ஊருக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. அம்மாவின் தேங்காய்த் துருவலும் வீடு திரும்பும்.

அம்மா குடிக்கவில்லை. குவளையை வாங்கி மூக்கருகே வைத்து, "பஞ்சாமிர்தம் மாதிரி இருக்கு" என்றார். பிறகு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் வெள்ளையாக ஈஸ்ட் படிந்திருந்தது. "இதைக் கொட்டிடாதே" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

இரவே அந்த வண்டலை ஆப்ப மாவில் கலந்து வைத்திருக்கிறார். காலையில் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே நின்றது. ஓரம் ஜல்லடை போல முறுகல், நடு பஞ்சு. தேங்காய்ப்பாலோடு நான்கு சாப்பிட்டேன். லேசான கசப்பு இருந்தது, ஹாப்ஸின் வேலை.

"கள்ளுன்னா கசக்காது" என்றார் அம்மா, ஐந்தாவதைச் சட்டியில் சுழற்றிக்கொண்டே. "அடுத்த தடவை அந்தக் கோழித் தீவனத்தைக் குறைச்சுப் போடு."